மலைப்பாதையில் கியர் விழாவிட்டால்

சென்ற பொங்கலுக்கு முதல் நாள், மூணாற்றிலிருந்து போடிநாயக்கனூருக்கு உறவினர் ஒருவரின் பழைய காரில் சென்றோம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பது நம்மவர் அறிந்ததே. முதல் வளைவை நெருங்கி, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற முயன்றபோது கோல் உள்ளே செல்ல மறுத்தது. பின் இருக்கையிலோ குழந்தைகள். மெல்லப் பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன் கல் வைத்தோம். "கியர்ப் பெட்டி போய்விட்டது, பெருந்தொகை ஆகும்" என்றார் வழியில் நின்ற ஒருவர். உண்மையில் கிளட்ச் எண்ணெய்தான் கசிந்து குறைந்திருந்தது. தேய்ந்த ரப்பர் வளையமொன்றை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

இத்தகைய வீண் அச்சமும் வீண் செலவும் பிறருக்கு நேராதிருக்கச் சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

எஞ்சினின் விசையைச் சக்கரங்களினின்றும் சற்றே பிரித்து வைப்பது கிளட்ச். அவ்வாறு பிரிந்திருக்கும் வேளையிலேதான் கியர் மாற்ற வேண்டும். வெவ்வேறு வேகத்திற் சுழலும் பாகங்களைச் சமவேகத்துக்குக் கொணர்ந்து இணைக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பு 1928ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் ஓட்டுநரே வேகத்தைக் கணித்து மாற்ற வேண்டியிருந்தது.

இனி, சோதனை முறையைக் காண்போம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். அணைந்தபோது எளிதாக விழுந்து, ஓடும்போது மறுக்குமாயின், கிளட்ச் முழுதும் பிரியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எண்ணெயால் இயங்கும் கிளட்சாயின் எண்ணெய் அளவையும் கசிவையும் பாருங்கள்; கம்பியால் இயங்குவதாயின் அதன் தளர்வைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் எண்ணெய்க் கலம் ஒன்றே. ஆகவே அது குறைவதை அற்பமாக எண்ணலாகாது.

எஞ்சின் அணைந்திருந்தும் எல்லாக் கியர்களும் இறுகியிருப்பின், கோலையும் பெட்டியையும் இணைக்கும் கம்பிகளிலோ மூட்டுகளிலோ பழுது இருக்கக்கூடும். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அதற்குரிய பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். போட்ட கியர் தானே கழன்று வருமாயின் தாமதியாமல் பட்டறைக்குச் செல்க. மூணாற்றுக் குளிர்காலைகளில் முதற்சிறிது தூரம் மட்டும் கோல் இறுகியிருப்பது, கியர் எண்ணெய் தடித்திருப்பதால் நேர்வது. வண்டி சூடேறியபின் இளகிவிடும். இளகாவிடில் எண்ணெயின் அளவும் தரமும் சரிதானா என்று பார்க்க வேண்டும். பின்னோக்குக் கியர் மறுத்தால் வண்டி முற்றும் நின்றபின், நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு மீண்டும் மிதித்துப் போடுங்கள். வலிந்து தள்ளலாகாது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூர் செல்வோருக்கு இப்பழுது பெரிதாகத் தோன்றாது. நெல்லியாம்பதி, குமுளி, போடிமெட்டு ஆகிய மலைவழிகளிலோ நிலைமை வேறு. இறக்கத்தில் எஞ்சினே வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருட்டினால், பாரம் முழுதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறிவிடுதல் நன்று. ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும் தவறு, தகடு கருகிவிடும்.

திருநாளுக்கு ஊர் செல்லும் அன்பர்கள், மூட்டை கட்டும் முன் வண்டியின் மூடியைத் திறந்து அந்தச் சிறு எண்ணெய்க் கலத்தை ஒருமுறை பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். நாங்கள் அதைச் செய்யாமற் போனதால், பொங்கல் விடியும் வரை மலையோரத்திற் காத்திருந்தோம்.