புற்றுநோய் மாத்திரை கருமுட்டையை வளர்ப்பது எப்படி?

புனே அருகே தேஹு ரோட்டில் லெட்ரோசோல் மாத்திரை வாங்கி, அட்டையோடு வந்த தாளைப் பிரித்துப் படிக்கும் பெண்ணுக்குத் திக்கென்று இருக்கும். மாதவிடாய் நின்றவர்களின் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று அதில் போட்டிருக்கும். பிள்ளை வேண்டிப் போனவருக்கு இது எதற்கு?

மாத்திரை ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கிறது. அதன் அளவு குறைந்ததும் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பை தூங்குகிறதோ என்று விரட்டுவதுபோல் முட்டைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைக் கூட்டி அனுப்புகிறது. அதனால் கருமுட்டை உள்ள முட்டைப்பை வளர்கிறது. வழக்கமாக மாதவிடாயின் 3ஆம் நாள் தொடங்கி 5 நாள் கொடுப்பார்கள். மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையும் காலம் (அரை ஆயுள்) சுமார் 2 நாள்தான். கரு தங்கும் நேரத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

கருவைப் பாதிக்குமோ என்ற அச்சத்தில் 2011 அக்டோபரில் இந்திய அரசு கருத்தரிப்புக்கான இந்தப் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பழைய மருந்தான குளோமிபீனில் 19.1 சதவீதம். பிறவிக் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2017இல் தடை நீங்கியது.

மாத்திரை எடுக்கும்போது ஸ்கேனைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. ஒரு முட்டைப்பை 18 மில்லிமீட்டரைத் தொட்டால் நல்லது. பல சேர்ந்து பெருத்தால் இரட்டைக் கரு, சினைப்பை வீக்கம் வரை போகலாம். கணவரின் விந்துப் பரிசோதனையும் முதலிலேயே முடியட்டும். அதைத் தள்ளிப்போட்டு மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது வீண்வேலை. மாத்திரையால் தலைசுற்றினால் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போனால், மிச்ச மாத்திரையைத் தொடுமுன் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள்.