வேரும் பேரும் – 9: ஏழிலைப்பாலையில் இரண்டு எதிரிகள்

செடிகளுக்கு லின்னேயஸ் 1753இல் இரட்டைப் பெயர் வைத்துச் சீர்செய்த கதை போன வாரமே முடிந்துவிட்டது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் பாதிச் செடிகளின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இண்டிகா'வைப் பற்றிச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இது டெல்லி, மாதம் ஐப்பசி, ஜன்னல் வேறு திறந்திருக்கிறது.

டெல்லியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவெல்லாம் ஏழிலைப்பாலை வாசம் இறங்கிவிடும். இங்கே அதற்கு சப்தபர்ணி என்று பெயர். குளிர் வரப்போகிறது என்று அந்த வாசத்தை வைத்தே சொல்பவர்கள் உண்டு. மூச்சிரைப்புக்காரர்களோ கதவைச் சாத்திக்கொண்டு, மரத்தை வெட்டச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் மல்லுக்கட்டுவார்கள். கணுவுக்குக் கணு ஆறேழு இலைகள் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரிந்திருக்கும். ஒன்றைக் கிள்ளினால் பால் சொட்டும். பூ பொடிசு, பச்சை ஓடிய வெள்ளை. இத்தனூண்டு பூவா இவ்வளவு ஊரைக் கூட்டுகிறது என்று நம்ப முடியாது.

பூங்காவில் இதன் அடிமரத்தில் 'அல்ஸ்டோனியா ஸ்காலரிஸ்' என்று பலகை இருக்கும். பலகை எழுதியவர் கறாரானவர் என்றால் பின்னால் ஒரு குட்டி வாலும் போட்டிருப்பார்: அடைப்புக்குறிக்குள் 'எல்', அடுத்து 'ஆர்.பிஆர்.' செடி வாங்குகிறவர்கள் அந்த வாலைச் சீண்டுவதே இல்லை. இண்டிகாவை அடுத்த வாரத்துக்குத் தள்ளியது அந்த வால்தான்.

ஸ்காலரிஸ் என்றால் பள்ளிக்கூடத்துக்கு உரியது. இதன் கட்டை வெளுப்பாக, லேசாக இருக்கும். அறுத்துப் பலகையாக்கிப் பிள்ளைகள் எழுதிப் பழகினார்கள். இதைக் குறித்துவைத்து 'பள்ளிக்கூடக் கட்டை' என்று லத்தீனில் பெயரிட்டவர் ரம்ஃபியஸ். ஜெர்மனியில் பிறந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்குப் போனவர். 1670இல் அவருக்குக் கண் போயிற்று. 1674 பூகம்பத்தில் மனைவியும் ஒரு மகளும் போனார்கள். 1687 தீ விபத்தில் செடிப் படங்கள் எரிந்தன. மறுபடி ஆள் வைத்து வரைந்து ஹாலந்துக்கு அனுப்பிய கையெழுத்துப் படியை, 1692இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு சேர்த்துக் கடலில் மூழ்கடித்தார்கள். நல்லவேளை, நகல் ஒன்று எடுத்துவைத்திருந்தார்கள். 1702இல் அவர் இறந்து, 1741இல்தான் புத்தகம் அச்சேறத் தொடங்கியது. இவ்வளவையும் தாண்டி வந்த சொல் அது.

(அதற்கும் முன்பே, 1678இல் வெளியான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' முதல் தொகுதியில் கேரளத்து ஆட்கள் சொன்னபடியே 'பாலா' என்று இந்த மரம் ஏறிவிட்டது. அந்தப் புத்தகத்துக்கே தனி வாரம் வேண்டும். ஆசிரியர் கவனிக்க.)

ரம்ஃபியஸின் பள்ளிக்கூடத்தை லின்னேயஸ் விடவில்லை. 1767இல் 'எக்கைட்டீஸ் ஸ்காலரிஸ்' என்று பெயர் சூட்டினார். வாலில் இருக்கும் 'எல்' அவர்தான். பிறகு ராபர்ட் பிரவுன் வந்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத ஆட்டத்துக்கு 'பிரவுனியன் இயக்கம்' என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே பிரவுன். இந்த மரம் எக்கைட்டீஸ் கூட்டத்தில் சேராது என்று 1810 வாக்கில் பிரித்தெடுத்து, புதுப் பேரினம் ஒன்றை உண்டாக்கினார். அதற்கு எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்து 1760இல் மறைந்த சார்லஸ் ஆல்ஸ்டன் பெயரை வைத்தார். பிரவுனும் எடின்பரோவில் படித்தவர், ஊர்ப்பாசம் இருந்திருக்கலாம்.

இங்கேதான் விஷயம். லின்னேயஸ் செடிகளை வகைப்படுத்தியது பூவின் ஆண், பெண் உறுப்புகளை எண்ணி. செடிக்கு ஆணாவது பெண்ணாவது என்று அந்த முறையை அடியோடு எதிர்த்து எழுதியவர் ஆல்ஸ்டன். அவர் பெயர் முன்னால் போய் உட்கார்ந்தது. லின்னேயஸ் வைத்த 'ஸ்காலரிஸ்' பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. உயிரோடிருந்த காலத்தில் ஒத்துப்போகாத இருவரையும் டெல்லித் தெரு மரம் ஒன்று பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டுவிட்டது. லின்னேயஸை எதிர்த்த இன்னொருவர் ஸீகஸ்பெக். பிசுபிசுப்பான ஒரு களைக்கு லின்னேயஸ் அவர் பெயரை வைத்தது பழிவாங்கத்தான் என்று ஒரு கதை உலவுகிறது. ஆல்ஸ்டனுக்கு வாய்த்ததோ வானளாவிய மரம்!

தோட்டக்காரருக்கு இதனால் என்ன? நிறைய. ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றினாலும் அதன் இரண்டாம் சொல்லைக் கூடுமானவரை கூடவே அனுப்ப வேண்டும் என்பது விதி. முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் போவார், மாற்றியவர் வெளியே நிற்பார். ஆகவே வாலில் அடைப்புக்குறியைப் பார்த்தால் பழைய பெயர் ஒன்று உண்டு என்று புரிந்துகொள்ளுங்கள். டெல்லி ரிட்ஜ் காட்டை வளைத்துக்கொண்ட விலாயதி கீக்கர், அதாவது நம் சீமைக்கருவேலம், நெடுங்காலம் 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா'. 2022இல் 'நெல்டுமா ஜூலிஃப்ளோரா' ஆகிவிட்டது. நெட்டிலிங்கம் 'பாலியால்தியா லாங்கிஃபோலியா'வாக இருந்து 2012இல் 'மோனூன் லாங்கிஃபோலியம்' ஆனது. விகுதி மட்டும் சற்று அசைந்தது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதுப் பலகையோடு முட்டிமோதுகிறவர்கள் இரண்டாம் சொல்லைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் கரையேறிவிடலாம்.

நெட்டிலிங்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டெல்லி நர்சரியில் 'அசோக்' என்று கேட்டால் அதைத்தான் தூக்கிவந்து வைப்பார்கள். ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் அசல் அசோகம் வேண்டுமானால் 'ஸீதா அசோக்' என்று கேளுங்கள், அல்லது 'சராகா அசோகா' என்று சீட்டில் எழுதி நீட்டுங்கள். வளர்ந்த பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

பக்கம் தீர்ந்தது, அச்சுக்குப் போக வேண்டும் என்று போன் வந்தாயிற்று. 'இண்டிகா' அடுத்த வாரம் சத்தியமாக உண்டு. அதுவரை வீட்டில் கல்வாழை இருந்தால் போய்ப் பாருங்கள். அதன் பெயர் 'கன்னா இண்டிகா', சொந்த ஊர் அமெரிக்கா. யார் செய்த குளறுபடி என்று யோசித்து வையுங்கள்.