பாலைக்குத் தண்ணி போனால் போதுமா?

ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில் வெற்றிலை, வாழை, கரும்பு என்று பசுமைதான். வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டிலோ சோளமும் கடலையும் வானம் பார்த்து நிற்கின்றன. "காவிரித் தண்ணி மட்டும் மேட்டுக்கு வந்துட்டா நாங்களும் பொழச்சுக்குவோமுங்க" என்று சொல்லாத மானாவாரி உழவர் இங்கே குறைவு. ஆசை நியாயமானதுதான். மேட்டூர் உபரிநீரை சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்கு இறைக்கும் சரபங்கா திட்டம் 2021-ல் தொடங்கியும் விட்டது. நாளை நம் காட்டுக்கும் ஒரு திட்டம் வரலாம். வந்தால் அதை எப்படி எடைபோடுவது? நம் நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது, தார் பாலைவனத்தில்.

பஞ்சாபின் ஹரிக்கே அணையிலிருந்து ராஜஸ்தானுக்கு 1958-ல் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். ஊட்டுக் கால்வாய் 204 கிலோமீட்டர், முதன்மைக் கால்வாய் 445 கிலோமீட்டர். இன்று அதன் பெயர் இந்திரா காந்தி கால்வாய். ஜெய்சால்மர் பக்கம் தண்ணீர் போய்ச் சேர கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆயின. பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மணல்மேடுகளில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. ஜோத்பூருக்கே குடிநீர் போகிறது.

ஆனால் மணலுக்கு அடியில் பல இடங்களில் ஜிப்சமும் இறுகிய மண்ணும் தட்டுப் போட்டாற்போலக் கிடந்தன. பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லை, வெளியேறப் போதிய வடிகாலும் இல்லை. நிலத்தடி நீர் மேலே ஏறியது. ஹனுமான்கர் மாவட்டத்தில் படோபல், ராவத்சர் சுற்றுவட்டாரத்தில் நல்ல நிலங்கள் சேறாகி உப்புப் பூத்தன. தேங்கிய நீரை உறிஞ்சட்டும் என்று தைலமரம் நட வேண்டிவந்தது. தண்ணி இல்லாமல் காய்ந்த நிலம், தண்ணியாலேயே கெட்டது.

உப்பு எங்கிருந்து வருகிறது? நாமே கணக்குப் போடலாம். லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள தண்ணீரை ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு மொத்தம் அரை மீட்டர் உயரம் பாய்ச்சினால், அது 20 லட்சம் லிட்டர். அதோடு வரும் உப்பு ஒரு டன்! தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மழையோ வடிகாலோ கழுவிக்கொண்டு போனால்தான் உண்டு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சவூதி அரேபியா பல்லாயிரம் ஆண்டுப் பழமையான நிலத்தடி நீரை உறிஞ்சிக் கோதுமை விளைத்தது, ஏற்றுமதியும் செய்தது. சேமிப்பு கரைந்ததும், அரசுக் கொள்முதலை 2016-க்குள் படிப்படியாக நிறுத்துவதென்று 2008-ல் முடிவெடுத்தது.

அதே தார் பாலையில், ஜெய்சால்மர் பகுதியில், பாலிவால் சமூகத்தார் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே 'காதீன்' அமைத்தார்கள். பாறைமேட்டில் விழும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண்கரை கட்டி நிறுத்துவார்கள். மண் ஊறியதும் மிச்சத்தை மதகு வழியே வெளியேற்றிவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடாத ஊரில் இது நடக்கிறது! வெளியேறும் தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் நிலமும் கெடவில்லை.

ஆகவே தோழர்களே, எந்தப் பெருந்திட்டம் வந்தாலும் கிராமசபையில் நான்கு கேள்வி கேளுங்கள். தண்ணீர் ஆண்டுதோறும் ஊறுவதா, ஒருமுறை எடுத்தால் தீர்வதா? நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, குழி வெட்டிப் பார்த்தார்களா? மிச்சத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? வந்த தண்ணீரில் எந்தப் பயிர், கடைமடைக்கு எவ்வளவு? கடைசிக் கேள்வியை விட்டால் தலைமடையில் கரும்பும் கடைமடையில் வெறுங்காடும்தான் மிஞ்சும்.

திட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். தாரில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல் நம் காட்டில் மழை பெய்கிறது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, தாழ்விடத்தில் பண்ணைக்குட்டை, மண்மேல் மூடாக்கு: இதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சுவோர், மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து இ.சி. அளவைக் குறித்து வையுங்கள். ஆண்டுக்காண்டு அது ஏறினால், பாலைவனம் ராஜஸ்தானில் மட்டும் இல்லை என்று அர்த்தம்.