நிக்காஹ் பேசும் முன் இரத்தத்தையும் விசாரிப்போம்: சிவப்பணுச் சவ்வு சொல்லும் பாடம்

நிக்காஹ் பேச வரும் குடும்பங்கள் படிப்பு, வேலை, குணம், சொந்தபந்தம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கின்றன. இரத்தத்தை விசாரிப்பவர்கள் குறைவு. தலசீமியா உள்ள குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றும் பெற்றோர், "முன்பே தெரியாமல் போய்விட்டதே" என்று வருந்துவதை நாம் கேட்கிறோம். அந்தக் குழந்தையின் சிவப்பணுக்கள் ஏன் நிலைப்பதில்லை? விடையின் ஒரு பகுதி, சிவப்பணுவைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வில் இருக்கிறது.

இரண்டு அடுக்குச் சவ்வு

இந்தச் சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிபிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. வால்கள் உள்ளுக்குள் ஒளிந்துகொள்ள, தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கின்றன. இப்படித்தான் இரண்டு அடுக்குகள் உண்டாகின்றன.

இரண்டு அடுக்குகளும் ஒரே மாதிரியானவை அல்ல. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு, நலமான சிவப்பணுவில் அநேகமாக முழுவதும் உள் அடுக்கிலேயே இருக்கும். சிவப்பணுச் சவ்வின் இந்த ஏற்றத்தாழ்வை 1972இல் மார்க் பிரெட்ஷர் விளக்கினார்.

மூன்று வகைப் பணியாளர்கள்

கொழுப்பின் தலை, நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதியைத் தானாகக் கடப்பது மிகக் கடினம். அதைக் கடத்திவிடச் சில புரதங்கள் இருக்கின்றன.

முதலாவது ஃபிளிப்பேஸ். வெளியே வந்துவிட்ட பாஸ்பாடிடைல்செரினைப் பிடித்து உள்ளே தள்ளுவது இதன் வேலை. இப்படியொரு கடத்தி சிவப்பணுவில் இயங்குவதை 1984இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் செனுரே, தெவோ ஆகியோர் காட்டினர். இந்த வேலைக்கு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் செலவாகிறது. சிவப்பணு தனக்கு வேண்டிய ஏ.டி.பி.யைக் குளுக்கோஸிலிருந்தே தயாரித்துக்கொள்கிறது.

இரண்டாவது ஃப்ளாப்பேஸ். இது கொழுப்புகளை மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுசெல்கிறது. இதற்கும் ஆற்றல் வேண்டும்.

மூன்றாவது ஸ்கிராம்ப்ளேஸ். இதற்கு ஆற்றல் வேண்டாம். செல்லுக்குள் கால்சியம் கூடும்போது விழித்துக்கொண்டு, இரு அடுக்குகளின் கொழுப்புகளையும் கலக்கிவிடும். அதே கால்சியம் ஃபிளிப்பேஸையும் முடக்கிவிடும். அப்போது பாஸ்பாடிடைல்செரின் வெளியே தங்கிவிடுகிறது.

வெளியே வந்தால் என்ன ஆகும்?

இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கும் செல்கள், "இதை அகற்ற வேண்டும்" என்பதற்கான அடையாளங்களுள் ஒன்றாக அதைக் காண்கின்றன. மற்றொன்று, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் இதையே செய்து இரத்தப்போக்கை நிறுத்துகின்றன. அங்கே அது நன்மை. ஓடும் இரத்தத்திலுள்ள சிவப்பணுவில் நடந்தால் ஆபத்து.

நலமான சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. அதற்கு உட்கரு இல்லாததால் பழுதான புரதத்துக்குப் பதில் புதியதைச் செய்துகொள்ள முடியாது. பிறக்கும்போது கிடைத்த பணியாளர்களே கடைசி வரை உழைக்க வேண்டும்.

அரிவாள் செல் நோயில் சிவப்பணு மீண்டும் மீண்டும் வளைந்து நிமிர்வதால் சவ்வு பழுதாகிறது, கால்சியம் உள்ளே கசிகிறது. அதனால் அதன் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 20 நாட்களாகச் சுருங்குகிறது. தலசீமியாவில் ஹீமோகுளோபினின் பொருந்தாத சங்கிலிகள் தேங்கிச் சவ்வைக் கெடுக்கின்றன. பல செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே மடிந்துவிடுகின்றன. தப்பி வருபவற்றிலும் ஒரு பகுதி, உள்ளிருக்க வேண்டிய கொழுப்பை வெளியே காட்டிக்கொண்டு திரிகிறது. இரத்தசோகையும், சிலருக்கு இரத்தக்கட்டியும் இதனால் வருகின்றன.

நாம் செய்ய வேண்டியது

இந்நோய்களின் மரபணுவை ஒன்று மட்டும் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். பார்த்தால் தெரியாது. தாய், தந்தை இருவரும் ஒரே நோயின் மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது, இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

முழு இரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. சோதனையும் பெரும்பாலும் இதைக் காட்டிவிடும். சவூதி அரேபியாவில் 2004 முதல் மணமக்களுக்கு இவ்விரு நோய்களுக்கான பரிசோதனை கட்டாயம். முடிவு எதுவானாலும் அங்கே திருமணம் தடுக்கப்படுவதில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் வாய்ப்பு தரப்படுகிறது.

மரபணுவைச் சுமப்பது குற்றமோ குறையோ அல்ல. அதை வைத்து ஒரு பெண்ணையோ பையனையோ ஒதுக்குவதுதான் தவறு. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பாராமல் இருவருமே, தேதி குறிப்பதற்கு முன்பே சோதித்து மருத்துவரிடம் ஆலோசனை கேட்போம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு இந்தப் பேச்சை எடுப்பது யாருக்கும் எளிதல்ல.