வெள்ளத்தில் மூழ்கும் விண்ணப்பங்கள்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் தொடங்குவதற்கு முன்பாகவே உறுப்பினர்களின் செல்பேசிகளில் நூற்றுக்கணக்கான தகவல்கள் வந்து குவிந்துவிடுகின்றன. சாலை வசதி கேட்கும் மனு, எதிர்க்கட்சியைச் சாடும் கேலிப் படம், அறுவைச் சிகிச்சைக்கு உதவி கோரும் வேண்டுகோள், பிறந்த நாள் வாழ்த்து, எப்போதோ எங்கோ நடந்த கலவரத்தின் காணொலி ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில், ஒரே அளவில் திரையில் தோன்றுகின்றன. எது அவசரம், எது வெறும் ஆரவாரம் என்பதைத் திரை சொல்வதில்லை.

2024 பொதுத் தேர்தல் கணக்குப்படி ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாகச் சுமார் 18 லட்சம் வாக்காளர்கள் உள்ளனர். முன்பு அவர்களது குறைகள் தபாலில் வந்தன. உதவியாளர் பிரித்து, வகைப்படுத்தி, மேஜையில் வைத்தார். இன்று அந்த இடைக்கதவு இல்லை. அணுகுவது எளிதாகியிருக்கிறது, கவனிக்கப்படுவதுதான் அரிதாகியிருக்கிறது.

அவை வகுத்த வழி: குவியும் கோரிக்கைகளைக் கையாளும் கலை நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழியாகப் பதில் அளிக்கப்படும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. எழுத்து மூலம் பதில் பெறும் கேள்விகள் 230. மாநிலங்களவையில் இவை முறையே 15, 160. உறுப்பினர்கள் அளிக்கும் நோட்டீஸ்கள் இந்த வரம்பைத் தாண்டிக் குவிவதால், குலுக்கல் மூலமே முன்னுரிமை தீர்மானிக்கப்படுகிறது. வரம்பு இருப்பதால்தான் அமைச்சர் தயாராக வருகிறார். துணைக் கேள்விகளால் அவரை மடக்கவும் முடிகிறது. அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து குரல் கொடுக்கும் நாளில் அவைத் தலைவர் ஒத்திவைப்பைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? சமூக ஊடகம் என்பது ஒத்திவைப்பே இல்லாத அமளி.

சுஷ்மா காட்டிய பாதை: இந்த அமளிக்குள் தனிக் குரல்களை இனம் கண்டவர் மறைந்த சுஷ்மா ஸ்வராஜ். 2014 முதல் 2019 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த அவர், அயல்நாடுகளில் தவித்த இந்தியர்களுக்கு ட்விட்டர் வழியாகவே உதவினார். செவ்வாய்க் கிரகத்தில் சிக்கிக்கொண்டால்கூட இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017-இல் நகைச்சுவையாகப் பதிலளித்தார். அதே அமைச்சர்தான், பழுதான குளிர்சாதனப் பெட்டி பற்றி 2016-இல் புகார் கூறிய ஒருவரிடம், துயரத்தில் இருக்கும் மனிதர்களைக் கவனிப்பதிலேயே தமக்கு நேரம் போதவில்லை என்று உணர்த்தினார். உதவும் மனம் பெரிதுதான். மறுக்கத் தெரிந்த துணிவும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

தனி மனிதரின் அக்கறையை மட்டும் நம்பி அமைச்சகம் இயங்க முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். தூதரக உதவி கோருவோருக்காக 2015-இல் 'மதத்' இணையதளம் தொடங்கப்பட்டது. 2016 இறுதியில் 'ட்விட்டர் சேவா' அறிமுகமானது. பொதுமக்களின் பதிவு ஒவ்வொன்றையும் புகாராகப் பதிவு செய்து, உரிய தூதரகத்துக்கோ, கடவுச்சீட்டு அலுவலகத்துக்கோ அனுப்பும் ஏற்பாடு அது.

ஆனால் அவரும் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. லக்னெளவில் கலப்புத் திருமணத் தம்பதியரின் கடவுச்சீட்டு விவகாரத்தில், 2018 ஜூனில் அவர் மீது வசைப் பதிவுகள் பொழிந்தன. இத்தகைய பதிவுகளை ஏற்கிறீர்களா என்று அவர் ட்விட்டரிலேயே கேட்டார். 57 சதவீதம் பேர் இல்லை என்றனர். ஆம் என்று வாக்களித்தோர் 43 சதவீதம்!

உயிரோடு விளையாடிய வேகம்: வடிகட்டப்படாத தகவல் என்ன செய்யும் என்பதற்கு மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டம் சாட்சி. குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால் 2018 ஜூலை 1-ஆம் தேதி 5 பேர் அங்கு அடித்துக் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில், ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு இந்தியாவில் வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு விதித்தது. பலமுறை பகிரப்பட்ட தகவல்களுக்கு 2020 ஏப்ரலில் அந்த வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லி மூச்சுத் திணறியபோது, ஆக்சிஜன் உருளைக்கும் படுக்கைக்கும் மக்கள் நம்பியது சமூக ஊடகங்களைத்தான். குறை கூறும் குடிமக்கள் மீது நடவடிக்கை எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருத நேரிடும் என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 30-ஆம் தேதி எச்சரித்தது. ஆயினும், பகிரப்பட்ட எண்களில் பல பயனற்றவை, சில மோசடிக்காரர்களுடையவை. தன்னார்வ இளைஞர்கள் ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, சரிபார்த்த நேரத்தைக் குறித்து, காலாவதியானதை நீக்கினர். அந்த நாள்களில் பலரைக் காப்பாற்றியது தகவல் அல்ல, தகவலைச் சலித்தெடுத்த உழைப்பு.

அந்த நாள்களில் இந்தச் செய்தியாளரின் செல்பேசிக்கும் ஒரு வேண்டுகோள் வந்தது. வாதப் பிரதிவாதங்களுக்கும் பகிர்வுகளுக்கும் அடியில் கிடந்து, மறுநாள் காலையில்தான் அது கண்ணில் பட்டது. அழைத்தபோது, 'இனித் தேவையில்லை' என்றார் மறுமுனையில் பேசியவர். காரணம் கேட்கும் துணிவு வரவில்லை.

என்ன செய்யலாம்?: அதன் பிறகு பின்பற்றத் தொடங்கிய வழிகள் எளியவை. நம்பகமான சில கணக்குகளை மட்டும் தனிப் பட்டியலாக்கி முதலில் பார்ப்பது; வசைக்கென்றே புழங்கும் சொற்களைத் திரையிலிருந்து மறைப்பது; கட்சிக் குழுக்களின் ஓசையை அணைத்து, குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் திறப்பது; தனி மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்திகளின் ஓசையை மட்டும் அணைக்காமல் விடுவது. அமைச்சர் அவையில் இவ்வாறு கூறினார் என்று ஒரு காணொலித் துணுக்கு வந்தால், அதைப் பகிர்வதற்கு முன் நாடாளுமன்ற இணையதளத்தில் அவை நடவடிக்கைக் குறிப்பைப் பார்ப்பது. பத்து நிமிட வேலைதான். ஆத்திரம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

அரசியலில் ஆர்வமுள்ளவர்கள் எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்று அஞ்சுகிறோம். அனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற அந்த வேகத்தில்தான், நம்மை மட்டுமே நம்பி அனுப்பப்பட்ட ஒரு வரியைத் தவறவிடுகிறோம்.