திருச்சி ட்ரிப்பில் உறையூரை ஏன் மிஸ் பண்ணக் கூடாது? சோழர் தலைநகரில் அரை நாள் கைடு

திருச்சிக்கு வீக்எண்ட் ட்ரிப் என்றால் லிஸ்ட் ரெடியாகவே இருக்கும். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம். நேரம் மிச்சமிருந்தால் முக்கொம்பு, கல்லணை. இந்த லிஸ்டில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் பெயர் உறையூர். இத்தனைக்கும் மலைக்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் போய்விடலாம்.

"அங்க போனா பார்க்க என்ன இருக்கு?" என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். முற்காலச் சோழர்களின் தலைநகர் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்து இறங்கினால் அரண்மனை, கோட்டைச்சுவர் என்று எதுவும் கண்ணில் படாது. டவுன் பஸ், ஜவுளிக்கடை, டீக்கடை, மருந்துக்கடை எனத் திருச்சி மாநகராட்சியின் இன்னொரு நெரிசலான ஏரியாவாகத்தான் தெரியும்.

கட்டடங்கள் போய்விட்டன. ஆனால் வழக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கூரையே இல்லாத ஒரு கருவறை, வருஷத்துக்கு ஒருமுறை ஆற்றைக் கடந்து வரும் பெருமாள், ஊர்ப் பெயரில் விற்கும் ஒரு சேலை, ஆயிரம் வருஷமாக ஓடும் ஒரு வாய்க்கால். கோயில்களுக்குக் கூட்டம் குறையப்போவதில்லை. சேலைக்கும் வாய்க்காலுக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. அதனால்தான் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தலைநகர் எங்கே போச்சு?

கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல் வணிகக் கையேட்டில் 'ஆர்கரு' என்றொரு ஊர் வருகிறது. அங்கிருந்து மெல்லிய துணி ஏற்றுமதியானது என்றும், அந்தத் துணிக்கே ஊரின் பெயர்தான் என்றும் அது சொல்கிறது. ஆய்வாளர்கள் பலரும் அந்த ஊரை உறையூர் என்றே அடையாளம் காண்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலில் வரும் 'ஆர்தௌரா' என்ற அரச நகரமும் இதுதான் என்பது பரவலான கருத்து.

1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு, செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி. துணிக்குச் சாயம் ஏற்ற அந்தக் காலத்திலேயே இங்கே ஏற்பாடு இருந்திருக்கிறது. பெரிப்ளஸ் சொன்ன துணிக்கதைக்கு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சாட்சி என்று இதைச் சொல்லலாம்.

இன்று அந்தப் பழைய நகரத்தின் மேல் வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. எனவே உறையூரைப் பார்ப்பது என்றால், மேலே இருக்கும் ஊரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பதுதான்.

கூரை வேண்டாம் என்ற அம்மன்

தொடங்க வேண்டிய இடம் வெக்காளியம்மன் கோயில். அம்மன் வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே விமானம் இல்லை, கூரையும் இல்லை. வெயில், மழை, பனி எல்லாம் நேரடியாக அவள் மேல்தான்.

இதற்கு ஊரார் சொல்லும் கதை இது. சாரமா முனிவர் என்பவர் நந்தவனம் போட்டு, மலைக்கோட்டை தாயுமானவருக்குச் செவ்வந்திப் பூ சாத்தி வந்தார். பூ வியாபாரி ஒருவன் அந்தப் பூக்களைத் திருடி மன்னனுக்குக் கொடுக்க, மன்னனும் அதைக் கண்டிக்கவில்லை. கோபத்தில் தாயுமானவர் உறையூர் இருக்கும் மேற்குப் பக்கம் திரும்ப, மண்மாரி பொழிந்து ஊர் மூடிப்போனது. வீடிழந்த ஜனங்கள் வெக்காளியிடம் ஓடினார்கள். "உங்க எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம்" என்று அவள் வெட்டவெளியிலேயே இருந்துவிட்டாளாம்.

தாயுமானவர் சன்னதி ஏன் மேற்கு பார்த்து இருக்கிறது என்று மலைக்கோட்டையில் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற வேண்டுதலோடு இங்கே நிற்பவர்களுக்கு இது வெறும் கதை இல்லை. வேண்டுதலைச் சீட்டில் எழுதி அம்மன் முன்னால் இருக்கும் சூலத்தில் கட்டுவது இங்கே வழக்கம். கொத்துக்கொத்தாகத் தொங்கும் அந்தச் சீட்டுகளைப் பார்த்தாலே போதும், ஊரின் கவலைகள் என்னவென்று புரிந்துவிடும்.

யானையை ஜெயித்த கோழி

அடுத்து பஞ்சவர்ணேஸ்வரர் கோயில். தேவாரப் பாடல் பெற்ற தலம். பழைய பெயர் திருமூக்கீச்சரம். உதங்க முனிவருக்கு ஐந்து காலங்களில் ஐந்து நிறங்களில் சிவன் காட்சி தந்ததாக ஐதீகம். அதனால்தான் பஞ்சவர்ணம்.

உள்ளே போனால் ஒரு கோழி, யானையோடு மோதும் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். உறையூருக்குக் 'கோழியூர்' என்றும் பெயர் உண்டு. இந்த மண்ணில் ஒரு கோழி யானையையே எதிர்த்து விரட்டியதாம். அதைப் பார்த்த சோழன், 'இதுதான் தலைநகருக்கு ஏற்ற இடம்' என்று முடிவு செய்தான் என்பது கதை.

ரங்கநாதரின் மாமனார் வீடு

நாச்சியார் கோயில் இல்லாமல் உறையூர் ட்ரிப் முடியாது. 108 திவ்ய தேசங்களில் ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த இரண்டாவது தலம் இது. தாமரைக் குளத்தில் குழந்தையாகக் கிடைத்து, சோழ மன்னனின் மகளாக வளர்ந்த கமலவல்லி, ரங்கநாதரையே மணந்தாள் என்பது தல வரலாறு. இங்குள்ள அழகிய மணவாளப் பெருமாள், ஸ்ரீரங்கம் இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்து நிற்கிறார். திருப்பாணாழ்வார் பிறந்த ஊரும் உறையூர்தான்.

பங்குனி மாதத்தில் வந்தால் இங்கே நடப்பதே வேற லெவல். பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள், ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் பல்லக்கில் புறப்பட்டு, காவிரியைக் கடந்து உறையூர் வந்து கமலவல்லியோடு சேர்த்தி சேவை தருகிறார். மாமனார் வீட்டில் விருந்து முடித்துத் திரும்பினால் பிரச்சினை ஆரம்பம். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ரங்கநாயகித் தாயார் 'படி தாண்டாப் பத்தினி', சன்னதியை விட்டு வெளியே வருவதில்லை. பெருமாள் எங்கே போயிருந்தார் என்ற விஷயம் தெரிந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார். பங்குனி உத்திரத்தன்று நடக்கும் இந்த ஊடலுக்குப் பெயர் மட்டையடி. வாழை மட்டையாலும் பூப்பந்தாலும் அடி வாங்கும் பெருமாளுக்காகக் கடைசியில் சமாதானம் பேச நம்மாழ்வார் வர வேண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் தாயாரோடு சேர்த்தி.

ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர் பரப்பு. 236 அடி ராஜகோபுரம் கட்டி முடிக்கப்பட்டது 1987-ல்தான். அவ்வளவு பெரிய கோயிலின் பெருமாள் வருஷம் தவறாமல் இந்தச் சின்னக் கோயிலைத் தேடி வருகிறார். சோழர் தலைநகர் என்ற அந்தஸ்து போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியும் உறையூருக்கு இந்த மரியாதை மட்டும் குறையவில்லை.

சேலை வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்குங்க

சாயத்தொட்டி கிடைத்த ஊரில் நெசவு முழுசாகச் செத்துவிடவில்லை. உறையூர் காட்டன் சேலை இன்றும் தனிப் பெயர். மெல்லிய பருத்தி, திருச்சி வெயிலுக்கு ஏற்ற துணி. ஆனால் ஊருக்குள் தறிச்சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்தச் சேலையை நெய்யும் கைகள் இன்று முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் மணமேடு போன்ற ஊர்களிலும் இருக்கின்றன.

காரணம் சிம்பிள் கணக்குதான். கைத்தறியில் பாவு போட்டு, ஊடை கோத்து ஒரு சேலையை முடிக்க நாள் கணக்கில் ஆகும். விசைத்தறி அதே நேரத்தில் பல சேலைகளைத் தள்ளிவிடும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து 'காட்டன் சேலை' என்றே விற்றால், விலை குறைந்ததுதான் முதலில் போகும். பாதி குடும்பம் சேர்ந்து உழைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது என்றால், படித்த பிள்ளைகள் தறிக்குழியில் இறங்குவார்களா?

நீங்கள் செய்யக்கூடியது மூன்று விஷயம்:

• நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அல்லது கோ-ஆப்டெக்ஸில் வாங்குங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

• சேலைக் கரையின் ஓரத்தைப் பாருங்கள். தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடித்த இடத்தில் சின்னச்சின்ன ஊசித்துளைகள் இருக்கும். அது டேமேஜ் இல்லை, பெரும்பாலும் கைத்தறியின் அடையாளம்.

• தறி வீட்டைப் பார்க்க ஆசையா? முதலில் அனுமதி கேளுங்கள். அது அவர்கள் வாழும் வீடு. ரீல்ஸ் எடுத்துவிட்டு, நெய்தவரிடமே நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவது நியாயமில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் கண்டுபிடித்த சுருட்டு

உறையூரின் இன்னொரு பழைய தொழில் சுருட்டு. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையை வைத்து இங்கே கையால் சுருட்டிய சரக்கு, 'டிரிச்சினாபோலி சுருட்டு' என்று இங்கிலாந்து வரை போனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலை வைத்தே 'இது டிரிச்சினாபோலி' என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சர்ச்சிலுக்கும் பிடித்த சுருட்டு என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புகைப்பது உடம்புக்குக் கேடு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லண்டன் நாவலுக்குள் போன உறையூர்க்காரர்களின் கைவேலை என்ற வகையில் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியதுதான்.

உய்யக்கொண்டான்: ஆயிரம் வருஷ வாய்க்கால்

பாலத்தின் மேல் வண்டியில் போகும்போது கீழே தெரிவது சாக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். அது உய்யக்கொண்டான் வாய்க்கால். 'உய்யக்கொண்டான்' என்பது முதலாம் ராஜராஜ சோழனின் பட்டப்பெயர்களில் ஒன்று. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை சுமார் 70 கி.மீ. ஓடுகிறது. வழியில் பல ஏரிகளை நிரப்பி, ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தருகிறது.

பேட்டவாய்த்தலையில் வாழையும் நெல்லுமாகப் பச்சைப்பசேல் என்று இருக்கும் அதே தண்ணீரில், நகருக்குள் வந்ததும் கழிவுநீரும் குப்பையும் கலக்கின்றன. காலையில் நேரம் இருந்தால் நகருக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே வாய்க்கால் ஓடும் இடத்துக்கு ஒரு பைக் ரைடு போய்விட்டு, பிறகு உறையூர் பாலத்தில் நின்று பாருங்கள். வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால்?

உறையூர் தலைநகரானதற்கு முக்கியக் காரணம் காவிரி. அந்தத் தண்ணீரைத் தொடர்ந்தே இரண்டாவது நாளை பிளான் பண்ணலாம்.

• முக்கொம்பு: நகருக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் 1830-களில் மேலணை கட்டப்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட, அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

• கல்லணை: நகருக்குக் கிழக்கே, உறையூரை ஆண்ட கரிகாலன் பெயர் சொல்லும் அணை. நீளம் சுமார் 1,080 அடி. காட்டனே வியந்து படித்த கட்டுமானம்.

• வண்ணத்துப்பூச்சிப் பூங்கா: ஸ்ரீரங்கம் மேலூரில், வனத்துறை பராமரிப்பில் 2015-ல் திறக்கப்பட்டது. குழந்தைகளோடு போக ஏற்ற இடம்.

• திருவெள்ளறை: துறையூர் ரோட்டில் இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய ஸ்வஸ்திக் வடிவக் கிணறு இங்கே உண்டு. ஒரு படித்துறையில் குளிப்பவர் அடுத்த படித்துறைக்குத் தெரியமாட்டார். அதனால் ஊரார் வைத்த பெயர் 'மாமியார் மருமகள் கிணறு'.

• புளியஞ்சோலை, பச்சைமலை: இரண்டும் துறையூர் வழியாகப் போக வேண்டிய இடங்கள். புளியஞ்சோலை, கொல்லிமலை அடிவாரத்தில் ஐயாறு ஓடும் இடம். மழைக்காலத்தில் தண்ணீர் வரத்தை விசாரித்துவிட்டே இறங்குங்கள். முழு நாள் வேண்டும்.

அரை நாள் பிளான்

கரூர், ஈரோடு பக்கமிருந்து ரயிலில் வந்தால் திருச்சி கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள், உறையூர் பக்கம்தான். ஊருக்குள் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ், ஆட்டோ இரண்டும் கிடைக்கும்.

காலை 7 மணிக்கு வெக்காளியம்மன், வெயில் ஏறும் முன்பு. கூரை இல்லாத கோயில், மறந்துவிட வேண்டாம். அடுத்து டிபன், ஃபில்டர் காபி. 9 மணிக்குப் பஞ்சவர்ணேஸ்வரர், 10 மணிக்கு நாச்சியார் கோயில். நடுப்பகலில் இங்கே பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. 11 மணிக்கு மேல் சேலைக்கடை. கருவறைகளைப் படம் எடுக்காதீர்கள்.

கோயில்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. செலவு என்று பார்த்தால் ஆட்டோ, டிபன், ஒரு சேலை. இதில் சேலைக்குக் கொடுக்கும் பணம் மட்டும் பேரம் பேசாமல் போகட்டும். அடுத்த பாவு போடுவதா, வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு வீட்டுக்கு அது போய்ச் சேரும்.