குற்றவாளி நாய் அல்ல

வீட்டு நாய்க்குக் கொரோனா வருமா? வரும். ஆனால் கொடுப்பது மனிதன், வாங்கிக்கொள்வது நாய்.

சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் பெட்டி படுக்கைகளை இறக்கி வைக்கத் தொடங்கும் இடம் சாந்த்ராகாச்சி. கொல்கத்தா நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அதில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். நடைமேடையில், பயணிகள் வீசும் மிச்சங்களை நம்பி வாழும் நாய்கள். சுற்றியுள்ள குடியிருப்புகளில் வளர்ப்பு நாய்கள். 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது நாடெங்கும் நடைமேடை நாய்களின் பிழைப்பும் நின்றது. வீட்டு நாய்களுக்கு வந்த சோதனை வேறு. அவற்றின் மீது சந்தேகம் விழுந்தது.

காரணம், ஹாங்காங்கிலிருந்து வந்த செய்தி. அங்கே 17 வயதான ஒரு பொமரேனியனின் எஜமானிக்குக் கோவிட் கண்டது. 2020 பிப்ரவரி இறுதியில் நாயையும் சோதித்தபோது அதனிடமும் வைரஸின் தடயம் தென்பட்டது. மார்ச்சில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் சிக்கியது. ‘நாய்க்கும் கொரோனா’ என்ற செய்தி உலகைச் சுற்றிவர அதிக நேரம் பிடிக்கவில்லை. பயந்துபோன சிலர், ஆசையாக வளர்த்த நாயைத் தெருவில் விட்டனர். வீட்டுப் பிராணிகள் நோயைப் பரப்புவதற்கு ஆதாரம் இல்லை, அவற்றைக் கைவிடாதீர்கள் என்று இந்திய விலங்குகள் நல வாரியமே சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் பின்னர் வெளியிட்ட விவரங்கள் கதையைத் திருப்பிப் போட்டன. கோவிட் நோயாளிகள் இருந்த வீடுகளைச் சேர்ந்த 15 நாய்களைச் சோதித்ததில், தொற்று இருந்தது இரண்டுக்கு மட்டுமே. அந்த இரண்டிலும் இருந்த வைரஸின் மரபணு, அவற்றின் வீட்டு மனிதர்களிடம் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது. அதாவது, நாய் எங்கோ போய் நோயை வாங்கி வரவில்லை. வீட்டுக்காரரிடமிருந்தே பெற்றது. கண்காணிப்பில் இருந்தவரை இரண்டும் இருமவில்லை, சோர்ந்து படுக்கவும் இல்லை.

அதே ஆண்டு சீனாவின் ஹார்பின் நகர விஞ்ஞானிகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, பல விலங்குகளுக்கு வைரஸை நேரடியாகவே செலுத்திப் பார்த்தனர். பூனைகளிடமும் ஃபெரட் எனப்படும் கீரி போன்ற பிராணிகளிடமும் அது நன்றாகப் பெருகியது. நாய்களிடம் தடுமாறியது. கூடவே வைத்திருந்த மற்ற நாய்களுக்கு அது பரவவும் இல்லை. பன்றி, கோழி, வாத்து ஆகியவற்றை வைரஸால் தொடவே முடியவில்லை.

ஏன் இந்தப் பாரபட்சம்? வைரஸ் ஒரு திருட்டுச் சாவி என்றால், உயிரணுக்களின் மேல் இருக்கும் ஏ.சி.இ.2 என்ற புரதம் அதற்கான பூட்டு. மனிதனின் பூட்டில் சாவி சுலபமாகத் திரும்புகிறது. பூனையின் பூட்டும் ஏறக்குறைய அப்படித்தான். நாயின் பூட்டில் சாவி சரியாகப் பொருந்துவதில்லை. தவிர, நாயின் மூச்சுப் பாதையில் அந்தப் பூட்டுகளே குறைவு.

பூனைக் குடும்பத்தின் பலவீனம் என்ன என்பதைத் தமிழ்நாடு நேரிலேயே பார்த்தது. 2021 மே மாதக் கடைசியில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சில சிங்கங்கள் சாப்பிட மறுத்து இருமின. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. ஒன்பதுக்குக் கொரோனா. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. அதே மாதம் 16 அன்று ஓர் ஆண் சிங்கமும் போனது. மரபணுவை ஆராய்ந்தபோது, அப்போது மனிதர்களிடையே தாண்டவமாடிக்கொண்டிருந்த டெல்டா வகையே சிங்கங்களிடமும் இருந்தது. கூண்டுக்குள் இருப்பவை வெளியே போய் நோயைத் தேடிக்கொள்ள முடியாது.

பிராணிகள் திருப்பிக் கொடுத்ததே இல்லையா? உண்டு. டென்மார்க்கில் ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட மிங்க் பிராணிகளிடமிருந்து மனிதர்களுக்கு வைரஸ் திரும்பியதால், 2020 நவம்பரில் அவற்றைக் கூண்டோடு ஒழிக்க அரசு உத்தரவிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் ஹாங்காங் செல்லப்பிராணிக் கடை ஒன்றின் வெள்ளெலிகள் மாட்டின. தாய்லாந்தில் சோதனைக்காகப் பிடிக்கப்பட்ட பூனை ஒன்று கால்நடை மருத்துவரின் முகத்தில் தும்மி நோயைக் கொடுத்தது. இந்தப் பட்டியலில் நாயின் பெயர் இல்லை.

இதனால் நாய்க்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாய்களுக்கென்றே தனிக் கொரோனா வைரஸ்கள் உண்டு. குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒன்று 1971-லேயே ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. இருமல் தரும் இன்னொன்றை 2003-ல் பிரிட்டனில் அடையாளம் கண்டனர். மனிதனுக்குச் சாதாரண ஜலதோஷம் தரும் ஒரு கொரோனா வைரஸுக்கு அது நெருங்கிய உறவு. கால்நடை மருத்துவர் போடும் பல நோய்த் தடுப்பூசியின் அட்டையில் ‘கொரோனா’ என்றிருப்பது முதலாவதைத்தான். கோவிடுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலங்குகளுக்கான கோவிட் தடுப்பூசி வேறு. ஹரியானாவின் ஹிசாரில் உருவான அனோகோவாக்ஸ் 2022 ஜூனில் அறிமுகமானது.

விஞ்ஞானிகள் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பது வேறொரு திசையை. மலேசியாவின் சரவாக்கில் 2017-18-ல் நிமோனியாவுடன் மருத்துவமனையில் இருந்த 301 பேரின் மாதிரிகளில், எட்டில் நாய்க் கொரோனாவைப் போன்ற வைரஸ் இருந்தது. நோய்க்கு அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் இனம்விட்டு இனம் தாவுவது இந்த வைரஸ் குடும்பத்தின் குணம் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

அப்படியானால் நாய் வளர்ப்பவர் என்ன செய்வது? வீட்டில் யாருக்காவது கோவிட் என்றால், அவர்தான் நாயிடமிருந்து விலகி இருக்க வேண்டும். கொஞ்சுவது, முத்தமிடுவது, தட்டிலிருந்து ஊட்டுவது, பக்கத்தில் படுக்க வைப்பது எல்லாம் குணமாகும்வரை கூடாது. தீனி வைக்கும் வேலை வீட்டில் வேறொருவருக்கு. நாய்க்கு முகமூடி கட்டுவது வதை. சானிடைசர் தடவினால் அது நக்கி விஷமாக்கிக்கொள்ளும். கவலைப்பட ஒரு நோய் வேண்டுமென்றால் ரேபிஸ் இருக்கிறது. உலகின் ரேபிஸ் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான். அதற்கான ஊசியைத் தவறவிடுவதே உண்மையான அபாயம்.

சாந்த்ராகாச்சி நடைமேடைக்கு ரயில்களும் மிச்சங்களும் எப்போதோ திரும்பிவிட்டன. அந்த மார்ச்சில் தெருவில் விடப்பட்ட வீட்டு நாய்களுக்கு அப்படித் திரும்ப ஒரு வீடு கிடைத்ததா என்பதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை. இத்தனைக்கும், இருமிக்கொண்டிருந்தவர் எஜமானர்.